ஜிம்ப்: சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு!

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இருந்த அப்பாவின் ஒரே போட்டோவைக் கரையான் அரித்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதை ஸ்கேன் செய்தேன். எடுக்கும்போதே படம் உதிர்ந்துபோனது. பின்னர் ஜிம்ப் என்ற இலவச புரோகிராமில் கீறல்களை நீக்க 'பிளர்' கொடுத்து, அதே ஜேபெக் பைலில் சேவ் செய்து மூடினேன். மறுநாள் திறந்தால் அப்பாவின் கண்கள் மங்கிவிட்டன. திரும்பப் பெற வழியில்லை.

ஜிம்ப், அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995ல் தொடங்கியது. இதன் புரோகிராம் வரிகள் எல்லாருக்கும் திறந்திருப்பதால், எதை மாற்றலாம் என்று தன்னார்வலர்கள் விவாதித்தே முடிவெடுக்கிறார்கள்.

2012ல் வந்த 2.8 பதிப்பில் 'சேவ்' என்றால் ஜிம்பின் சொந்த எக்ஸ்.சி.எப். பைல் மட்டுமே, ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்று மாற்றினார்கள். பழகியவர்கள் பலர் எரிச்சலடைந்தனர், நானும்தான். ஆனால் காரணம் நியாயமானது. ஜேபெக்கில் லேயர்கள் தங்காது. திருத்தி சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், பெரும்பாலான பில்டர்களைக் கொடுத்த பிறகும் மாற்றலாம், நீக்கலாம். இதற்கான அடித்தள வேலை 2000லேயே தொடங்கிவிட்டது!

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போட்டோவைத் திறந்ததும் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி எக்ஸ்.சி.எப். பைலாக சேவ் செய்திடுங்கள். வேலை முடிந்ததும் பைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் அஸ்' கிளிக் செய்து, வேறு பெயரில் ஜேபெக் எடுங்கள். ஸ்கேன் செய்த முதல் பைலைத் தொடவே வேண்டாம்.