டிரம்ஸுக்கு ஒரு மாற்று அறுவை சிகிச்சை!

நண்பர் ஒருவர். பகலில் ஆபீஸ், ராத்திரி டிரம்ஸ். போன மாசம் ஒரு ஹாலை ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நாலு பாட்டு ரெக்கார்ட் பண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆசையாகக் கேட்டால்... கிக் டிரம், அட்டைப் பெட்டியில் தட்டினாற்போல 'தொப், தொப்'! டிரம்ஸ் செட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. லீவும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது.

"அவ்வளவுதானா சார்?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"தாளம் நல்லாத்தானே இருக்கு? சத்தம்தானே மோசம்? சத்தத்தைத் தூக்கிப் போட்டுட்டு தாளத்தை மட்டும் வெச்சுக்கலாம், வாங்க!" என்றேன்.

இங்கேதான் 'மிடி' வருகிறது. 1983-ல் பிறந்த இந்த மிடிக்குள் சத்தமே கிடையாது. அது வெறும் மளிகைச் சீட்டு! 'இன்ன நேரத்தில், இன்ன வாத்தியத்தை, இவ்வளவு பலமாக அடி' என்ற குறிப்பு மட்டும்தான். சீட்டு கையில் இருந்தால் அரிசியை எந்தக் கடையிலும் வாங்கலாம் இல்லையா? அதே மாதிரி, மிடிக் குறிப்பு இருந்தால் எந்த டிரம்ஸின் சத்தத்தையும் அதில் பொருத்தலாம். 1991-ல் வந்த 'ஜெனரல் மிடி' ஏற்பாட்டின்படி கிக்குக்கு 36-ம் நம்பர், ஸ்நேருக்கு 38, மூடிய ஹை-ஹாட்டுக்கு 42. அடியின் பலத்துக்கு 1 முதல் 127 வரை மார்க்!

சரி, ரெக்கார்டிங்கிலிருந்து சீட்டு எழுதுவது எப்படி?

சாஃப்ட்வேர், ஒலி அலை திடீரென்று எகிறும் இடங்களைத் தேடுகிறது. எவ்வளவு எகிறினால் 'அடி' என்று நாம்தான் எல்லை வகுக்க வேண்டும். எல்லை ரொம்ப உயரமானால் மெல்லிய அடிகள் காணாமல் போகும். ரொம்பத் தாழ்ந்தால், பால்காரர், பேப்பர்காரர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் நாய் மாதிரி, கிக் மைக்கில் கசிந்த ஸ்நேர் சத்தத்துக்கெல்லாம் துள்ளும்! இதற்கு மருந்து உண்டு. கிக்கின் பலம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான். அதற்கு மேலே உள்ளதை வடிகட்டிவிட்டுத் தேடச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து, ஒரே அடியை இரண்டாக எண்ணும் வியாதி. ஒரு அடி விழுந்ததும் 50 மில்லி செகண்டு காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னால் அதுவும் சரியாகும்.

2013-ல் வந்த ஏபிள்டன் லைவ் 9-ல் டிரம்ஸை மிடியாக்க மெனுவிலேயே ஒரு கட்டளை உண்டு. ரீப்பரில் 'ரீகேட்' இந்த வேலையைச் செய்யும்.

இந்த ஆசை பழசு. அமெரிக்காவின் ஸ்டீலி டான் குழுவுக்காக ரோஜர் நிக்கோல்ஸ் என்ற என்ஜினீயர், நிஜ டிரம்ஸ் சத்தத்தைப் பதிந்து, வேண்டிய இடத்தில் வாசிக்கும் மெஷின் ஒன்றைக் கட்டினார். பெயர் வெண்டல். 1980-ல் வெளியான 'கௌச்சோ' ஆல்பத்தில் அது வாசித்தது. ஆல்பம் பிளாட்டினம் ஆனபோது மெஷினுக்கும் தனியாக ஒரு பிளாட்டினம் தட்டு கொடுத்தார்கள்! டிரம்மர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்காதா?

நம் நண்பருக்கும் கலக்கியது. முதல் ராத்திரி அவசரத்தில் எல்லா அடிக்கும் 127 மார்க் போட்டுவிட்டார். கேட்டால், மாவு மில் ஓடுகிற மாதிரி தடதடதட! அவர் மனைவி எட்டிப் பார்த்து, "இதை நீங்க வாசிக்கலையே... யாரு?" என்றார். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

தப்பு புரிந்தது. ஸ்நேரில் விரல் நுனியால் தொட்ட மாதிரி விழும் குட்டி அடிகள்தான் ஒரு டிரம்மரின் கையெழுத்து. அதை மெஷினிடம் கொடுக்கக் கூடாது. ஸ்நேரையும் ஹை-ஹாட்டையும் அப்படியே விட்டோம். கிக்கை மட்டும் மாற்றி, ஒவ்வொரு அடிக்கும் அவர் கால் எவ்வளவு அழுத்தியதோ அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு ராத்திரி, ஒரு ஃபிளாஸ்க் காபி.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"இப்ப நான் வாசிச்ச மாதிரியே இருக்கு சார்... அதுவும் நல்லா வாசிச்ச மாதிரி!"