வேலையிடத்தில் பாலீர்ப்புப் பாகுபாடு: சட்டம் எங்கே நிற்கிறது?



அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவில் பாலீர்ப்பு பற்றிப் பேச வேண்டுமா என்ற கேள்வி நம்மிடையே எழுந்தது. அதற்கு அண்ணலின் வாழ்விலிருந்தே பதில் சொல்லலாம். ரகுநாத் தோண்டோ கர்வே 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தினார். பாலியல் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதினார். அந்தக் கேள்விகளில் தன்பாலீர்ப்பு பற்றியவையும் இருந்தன. ஆபாசம் என்று அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1934இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் அண்ணல். வழக்கு தோற்றது. ஆனாலும் ஊர் வெறுக்கும் ஒன்றைப் பேசியவருக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று அவர் நின்ற இடம் நமக்கு முக்கியம்.

இன்று நாம் கேட்பது ஒரே கேள்வி. ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் அவரை வேலையை விட்டு அனுப்பினால், இந்தியாவில் அவருக்கு என்ன பாதுகாப்பு?

அரசு வேலை

அரசமைப்புச் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால் போன்ற காரணங்களால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. பாலீர்ப்பு என்ற சொல் அவற்றில் இல்லை. 'பால்' என்பதற்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2009இல் நாஸ் அறக்கட்டளை வழக்கில் சொன்னது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, வயதுவந்தோர் மனமொத்த உறவை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பு பெரிதும் ஊன்றி நின்ற கருத்து, 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அரசமைப்பு அவையில் வலியுறுத்திய அரசமைப்புச் சட்ட அறம்.

இதன் பயன் அரசு ஊழியருக்கு நேரடியாகக் கிடைக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஊர்க்காவல் படை வீரர் ஒருவர் தம் இணையுடன் இருந்த காணொளி பரவியதால் 2019இல் நீக்கப்பட்டார். அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021இல் அந்த ஆணையை ரத்து செய்து அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது.

ஆனால் தீர்ப்பு வரும்வரை மனிதர் தாங்க வேண்டுமே! அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த கவிஞர் சிராஸ் வீட்டுக்குள் 2010இல் கேமராவோடு ஆட்கள் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் இருக்க, பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது அவரை. ஏப்ரல் 1 அன்று உயர்நீதிமன்றம் அந்த இடைநீக்கத்தை நிறுத்தி வைத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார்.

தனியார் வேலை

மேலே சொன்ன பிரிவுகள் கட்டுப்படுத்துவது அரசை. தனியார் நிறுவனம், துணிக்கடை, வங்கிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஆகியோரின் வாசலில் அவை நின்றுவிடுகின்றன. பாலீர்ப்பைப் பெயர் சொல்லிக் காக்கும் தொழிலாளர் சட்டம் நம்மிடம் இல்லை.

அருகில் இரண்டு சட்டங்கள் உள்ளன. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது; தனியாரும் அதில் அடக்கம். ஆனால் தண்டனைகளை அடுக்கும் 18ஆம் பிரிவில் 9ஆம் பிரிவை மீறியவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. திருநர் அல்லாத தன்பாலீர்ப்பாளருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பெண் ஊழியர் தம்மைப் பாலியல் பேச்சால் துன்புறுத்தியவர்மீது புகார் தரலாம். துன்புறுத்தியவர் பெண்ணாக இருந்தாலும் புகார் செல்லும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆண் ஊழியருக்கு இந்த வழி இல்லை. மாணவர்களுக்கு மட்டும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் எல்லாப் பாலினத்தவரின் புகாருக்கும் இடம் தருகின்றன.

நமக்குத் தெரிந்த ஓட்டை

தலித்துகளுக்கு இந்த ஓட்டை புதிதல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் குடும்பப்பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அந்த முதலாளிகள் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. விண்ணப்பத்தை ஓரமாக வைத்தார்கள், அவ்வளவுதான். நம் வன்கொடுமைச் சட்டத்தின் கை அங்கே எட்டுவதில்லை.

இப்போது ஒரு தலித் இளைஞரை, தன்பாலீர்ப்பாளரும் ஆனவரை, எண்ணிப் பாருங்கள். 'குழுவோடு ஒத்துப்போகவில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். காரணம் சாதியா, பாலீர்ப்பா? அவரால் பிரித்துக் காட்ட முடியாது. பிரிக்கச் சொல்வதே அநீதி. திருநர்களுக்குச் சாதி இடஒதுக்கீட்டுக்குள்ளேயே கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தோழர்கள் போராடுவதன் நியாயமும் இதுதான்.

நம் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. அது போதவில்லை. 1955இல் ஒரு சட்டம், 1989இல் இன்னொன்று, 2015இல் திருத்தம் என்று ஒவ்வொரு கொடுமையையும் பெயர் சொல்லி எழுத வைக்க வேண்டியிருந்தது. பெயர் சொல்லாத கொடுமையைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள மாட்டார்கள். பாலீர்ப்புக்கும் இதே பாடம்தான்.

நிறவெறியிலிருந்து மீண்ட தென்னாப்பிரிக்கா, 1996 அரசமைப்பில் பாலீர்ப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்தது, தனியாரையும் கட்டுப்படுத்தியது. அதன் 1998 வேலைச் சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு காட்டவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இங்கே சாதி, பாலீர்ப்பு உள்ளிட்ட பல காரணங்களைச் சேர்த்து சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

இப்போது செய்யக்கூடியவை

ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் உடனே எழுதித் தராதீர்கள். தந்துவிட்டால் 'விரும்பி விலகினார்' என்றே தாள் பேசும். நியமன ஆணை, நிறுவனத்தின் நடத்தை விதிகள், வந்த செய்திகள் ஆகியவற்றின் நகலை வீட்டில் வையுங்கள். அரசுப் பணியென்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் தொழிலாளி என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் பணிநீக்கத்தை எதிர்க்கலாம். பெயரை மறைத்து வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

சங்கங்களும் இயக்கங்களும் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டையும் பாலீர்ப்புப் பாகுபாட்டையும் ஒரே சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைக்க வேண்டும். மீறினால் தண்டனையும் இழப்பீடும் வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும் நம் மேடைகளிலிருந்தே இந்தக் கோரிக்கையும் எழட்டும்.

ஜெய்பீம்.