பெயரில் வீட், கோதுமை இல்லை!

போன கோடை விடுமுறையில், ஜப்பானில் வேலை பார்க்கும் அப்பாவிடம் போயிருந்தோம். நாகானோ மலைப்பகுதியில் தொகாகுஷி என்ற ஊரில் ஒரு பழைய சோபா கடைக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனார்.

சோபா என்றால் உட்காரும் சோபா இல்லீங்க! ‘பக்வீட்’ என்ற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ். பெயரில்தான் ‘வீட்’ இருக்கு, கோதுமை இனமே இல்லை. நெல் சரியா விளையாத குளிர் மலையிலும் இரண்டரை மாதத்தில் விளைஞ்சிடும்.

என் தங்கச்சிக்குக் கோதுமை ஒத்துக்காது. “அப்ப இவளும் சாப்பிடலாம்ல?” என்றேன். அப்பா கடைக்கார அம்மாவிடம் கேட்டார். அவங்க இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வச்சுக் காட்டினாங்க. கூடாதாம்!

காரணம் என்ன? பக்வீட் மாவு கோதுமை மாவு மாதிரி ஒட்டாது, உதிரும். அதனால் அந்தக் கடையில் 8 பங்குக்கு 2 பங்கு கோதுமை மாவு சேர்க்கிறாங்க. தொட்டுக்கொள்ளும் குழம்பில் உள்ள சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

எங்களுக்கு மூங்கில் தட்டில் சின்னச் சின்னக் கட்டுகளா சோபா வந்தது. கடைசியில் அதை வேகவைத்த தண்ணியையும் மிச்சக் குழம்பில் ஊற்றிக் குடித்தோம். தங்கச்சி மட்டும் அம்மா கொண்டுவந்த சோற்று உருண்டையைச் சாப்பிட்டாள். எனக்குப் பாதி ருசிதான் தெரிஞ்சது.

பெயரை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒத்துக்காதவங்க கேட்டுச் சாப்பிடுங்க!