கியர் மாற்றத்தின் ஓசையும் எஞ்சின் எண்ணெயும்

விவசாய விரிவாக்க ஊழியர், தடுப்பூசிப் பணியாளர், சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஆகியோருள் பலருக்கு மோட்டார் சைக்கிளே அன்றாட வாகனம். அதிகாலையில் எஞ்சினைக் கிளப்பி, கிளச்சை அழுத்தி முதல் கியரில் போட்டவுடன் ‘கடக்’ என்று எழும் ஓசையும், வண்டி சற்றே முன்னோக்கித் துள்ளுவதும் அவர்கள் நன்கு அறிந்தவையே. அதே வண்டி பிற்பகல் வெயிலில் நெடுந்தொலைவு ஓடிய பின், நியூட்ரலுக்கு வர மறுத்து வேறுவிதமாக முரண்டு பிடிப்பதும் உண்டு. இதைக் கடையில் கூறினால், “கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றுங்கள், சத்தம் அடங்கிவிடும்” என்ற யோசனை கிடைக்கும். இந்த யோசனை எவ்வளவு தூரம் சரியானது என்பதை இங்கே ஆராய்வோம்.

ஒரே எண்ணெய், மூன்று பணிகள்

மோட்டார் காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெயும் கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெயும் உண்டு. ஆனால் இன்று நம் நாட்டில் ஓடும் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளச்சு, கியர் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. சிறு வண்டிகளில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு லிட்டரே. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர்ப் பெட்டி தனியாக இருந்தது. எஸ்டி, ராஜ்தூத் போன்ற இரு வீச்சு வண்டிகளிலோ எஞ்சினுக்குரிய எண்ணெய் பெட்ரோலுடன் கலந்து எரிந்துவிடும்; கியருக்குத் தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். இத்தகைய வண்டிகளுக்குக் கீழே கூறுவன முழுவதும் பொருந்தா.

பொது எண்ணெயின் பணிகள் மூன்று. பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது ஒன்று. கியர்ப் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் மெத்தைபோல் நிற்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் வழுக்குந்தன்மை வேண்டும். மூன்றாவது பணியோ இதற்கு மாறானது. கிளச்சுத் தகடுகள் எண்ணெயில் நனைந்திருந்தும் ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும். அங்கே வழுக்குந்தன்மை மிகுந்தால் வண்டி இழுக்காது. எண்ணெய்த் தேர்வில் உள்ள சிக்கல் முழுவதும் இம்முரண்பாட்டில் அடங்கியுள்ளது.

ஓசை பிறக்கும் இடம்

மோட்டார் சைக்கிளின் கியர்ச் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுழல்கின்றன. காலால் நெம்புகோலை மிதிக்கும்போது ஓர் உருளை திரும்புகிறது. அதனுடன் இணைந்த கவைகள் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன. அச்சக்கரத்தின் பக்கத்தில் உள்ள முட்டுப்பற்கள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் சென்று பொருந்துகின்றன. இரண்டின் வேகத்தையும் முன்கூட்டியே சமன்செய்யும் அமைப்பு கார்களில் உண்டு; இங்கே இல்லை. ஆகவே, வேகம் வேறுபட்டால் முட்டுப்பற்கள் மோதியே பொருந்தும்.

காலையில் வண்டி நியூட்ரலில் நிற்கும்போது பின் சக்கரமும் அதனுடன் இணைந்த தண்டும் அசையாதிருக்கின்றன. கிளச்சை அழுத்தியதும் மறு தண்டும் ஓய வேண்டும். ஆனால் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால், தகடுகளுக்கிடையே பசைபோல் நின்று எஞ்சினின் சுழற்சியை அத்தண்டுக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது. சுழலும் சக்கரமும் நிற்கும் சக்கரமும் மோதும் ஓசையே நாம் கேட்கும் ‘கடக்’. ஓரளவு ஓசை இவ்வமைப்பின் இயல்பே, அது பழுதன்று. எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்குக் காலை நேரத்து மோதலும் மிகும். கடையில் கூறிய யோசனை இங்கே நேர்மாறான பலனையே தருகிறது.

ஆயினும் எண்ணெய் மிக நீர்த்துப்போவதும் நன்றன்று. சூடேறிய எஞ்சினில் படலம் மெலிந்தால் பற்களின் இரைச்சல் உயரும், தேய்மானமும் கூடும். ஆகவே, குளிரில் மிகக் கெட்டியாகாமலும் சூட்டில் மிக நீர்த்துப்போகாமலும் இருப்பதே நமக்கு வேண்டிய எண்ணெய்.

டப்பாவின் மேலுள்ள எண்கள்

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் உள்தடையைப் பாகுநிலை என்கிறோம். வெப்பம் ஏற ஏற இது விரைந்து குறையும். விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 985 சென்டிபாய்ஸ். 40 டிகிரியில் ஏறக்குறைய 230 மட்டுமே. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு சிறு சீசாக்களில் விளக்கெண்ணெயை நிரப்பி, சிறிது காற்றுக்கு இடம்விட்டு மூடுக. ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் கால் மணி நேரம் வைத்து, இரண்டையும் ஒருசேரக் கவிழ்த்தால், சூடான சீசாவில் காற்றுக் குமிழி முந்தி மேலேறுவதை மாணவர் காண்பர்.

டப்பாவில் ‘10டபிள்யூ-30’ என்றோ ‘20டபிள்யூ-50’ என்றோ எஸ்.ஏ.இ. தரக்குறி காணப்படும். ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயின், எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும். பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள நிலையைக் காட்டும். 30 எனில் பாகுநிலை 9.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 12.5-ஐ எட்டாமலும் இருக்கும். 40 எனில் 12.5 முதல் 16.3 வரை, 50 எனில் 16.3 முதல் 21.9 வரை. முன்னெண் குறைந்த எண்ணெயின் பயன் லே போன்ற இடங்களின் கடுங்குளிரில் மட்டுமன்று, சமவெளியின் மார்கழிக் காலையிலும் தெரியும்.

இவ்வாறு இரு நிலைக்கும் பொருந்தும் எண்ணெயில், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன. இவை சூட்டில் விரிந்து எண்ணெய் நீர்த்துப்போவதைக் குறைக்கின்றன. ஆனால் கியர்ப் பற்கள் இச்சங்கிலிகளை நறுக்கிவிடுகின்றன. 40 என்ற தரத்தில் ஊற்றிய எண்ணெய், நாளடைவில் 30-இன் நிலைக்கு இறங்கிவிடக்கூடும். புதிய எண்ணெயில் மென்மையாக விழுந்த கியர், மாற்றும் காலம் நெருங்கும்போது கரடுமுரடாவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே, விலையுயர்ந்த எண்ணெயை நெடுங்காலம் விட்டுவைப்பதினும், தகுந்த எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுவதே சிக்கனம்.

ஜாஸோ முத்திரை

கார்களுக்குரிய சில எண்ணெய்களில் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு நன்மையான அப்பொருள்கள் நனைந்த கிளச்சுக்குத் தீமையாகலாம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும்போது, எஞ்சின் உறுமியும் வண்டி வேகம் பெறாமற்போனால், கிளச்சு வழுக்குகிறது என்று அறிக. இதைத் தவிர்க்கவே ஜப்பானில் 1998-ஆம் ஆண்டில் ஜாஸோ தரம் ஏற்பட்டது. இதில் ‘எம்.ஏ.’ என்பது கிளச்சுப் பிடிக்குப் போதிய உராய்வு உடையது. அதன் உட்பிரிவுகளில் ‘எம்.ஏ.2’ உராய்வு மிகுந்தது. ‘எம்.பி.’ உராய்வு குறைந்தது. கியரில்லா ஸ்கூட்டர்களுக்குப் பொருந்துவது. எனினும், வண்டியின் கையேடு குறிப்பிடும் தரமே இறுதியானது.

எண்ணெயை மாற்றுமுன்

எல்லா ஓசைக்கும் எண்ணெய் பொறுப்பன்று. முதலில் கிளச்சுப் பிடியின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். தளர்ச்சி மிகுந்தால் தகடுகள் முழுதும் விடுபடா. கியர் மாற்றமும் நியூட்ரலும் கடினமாகும். அடுத்து, சங்கிலியின் இறுக்கத்தையும் எண்ணெயின் அளவையும் சோதிக்க வேண்டும். அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நேராக நிற்க வேண்டும். அளவுகோலின் இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் நின்றாற் போதும்; மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறே.

இவையெல்லாம் சரியாயிருந்தும் புதிதாக ஓர் இரைச்சல் தோன்றினாலோ, ஓட்டத்தில் கியர் தானே நழுவினாலோ, கெட்டி எண்ணெய் ஊற்றி அதை அடக்க முயல வேண்டா. எண்ணெய் ஓசையைக் குறைக்கலாம். உடைந்த பல்லையோ, தேய்ந்த தாங்கியையோ, வளைந்த கவையையோ அது திருத்தாது. எச்சரிக்கையாக ஒலித்த குரலை அடக்கிவிட்டு, லாரியை முந்தும் தறுவாயில் கியர் நழுவக் காண்பது பேராபத்து. அந்நிலையில் தேர்ந்த மெக்கானிக்கிடம் வண்டியைத் திறந்து காட்டுவதே முறை.

வடித்த எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்கலாம்.

சுருங்கக் கூறின், கையேட்டில் உள்ள எஸ்.ஏ.இ. எண், அதில் குறித்த ஜாஸோ முத்திரை, உரிய காலத்தில் மாற்றுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் போதுமானது. எண்ணெய் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டர் கணக்கையும் நாட்குறிப்பின் ஓர் ஓரத்தில் எழுதிவைக்கும் ஊழியருக்கு, அடுத்த முறை கியர் முரண்டு பிடிக்கும்போது, குறை எண்ணெயிலா எந்திரத்திலா என்று பிரித்தறிவது எளிதாகும்.