ஈயம் என்ன விலை?
எல்லை ஊர் – 17

 

ஓசூர் கடைவீதிச் சந்து ஒன்றில் டிரெடில் அச்சகம் இருந்தது. என் கல்யாணப் பத்திரிகை அங்கே அடித்ததுதான். சுவரோரம் மூன்று மொழிக்கு ஈய எழுத்துப் பெட்டிகள்: தமிழ், கன்னடம், தெலுங்கு. மாப்பிள்ளை கர்நாடகத்து ஆனேக்கல், பெண் தமிழ்நாட்டுச் சூளகிரி என்றால் ஒரே அட்டையில் இரண்டு மொழி ஏறியாக வேண்டுமே! அச்சுக்கோக்கும் பெரியவர் பெட்டியைப் பார்க்காமலே ‘ழ’வை எடுப்பார். எழுத்து அழுந்திய தடம் அட்டையின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். ஆஃப்செட் வந்தது, கடை போயிற்று. பல வருடம் கழித்து அவரைப் பார்த்தபோது கேட்டேன்.

“அண்ணா, ஒரு எழுத்துகூடவா மிச்சமில்ல?”

“எல்லாம் காயலான் கடைக்கு கிலோ கணக்குல போச்சு. ஒத்த எழுத்த வெச்சிக்கிட்டு என்ன தம்பி பண்றது?”

ஒற்றை ஆளாகக் கையால் அடித்த தாளுக்கு நெதர்லாந்தில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். க்ரோனிங்கன் ஊரில் வெர்க்மன் என்றொருவர். பெரிய அச்சகம் வைத்து நொடித்துப்போய், 1923இல் ஒரு கிடங்கின் மாடிக்குக் குடிபெயர்ந்தவர். மை உருளையை நேரே தாளில் ஓட்டுவார். எழுத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பக்கத்தால் அச்சடிப்பார். ஒரே தாளைப் பல தடவை ஏற்றி இறக்குவார். அதனால் எந்த இரண்டு பிரதியும் ஒன்றுபோல இராது. நாஜிகள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், 1940 முதல், ‘நீலப் படகு’ என்ற பெயரில் சுமார் நாற்பது சிறு வெளியீடுகளை நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார். 1945 மார்ச்சில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களிலேயே ஊர் விடுதலையானது. பறிமுதல் செய்யப்பட்ட அவருடைய படைப்புகள் பலவும் ஊரை மீட்ட சண்டையில் எரிந்துபோயின.

அவர் மட்டுமல்ல. 1943இல் டச்சுக் கவிஞர் யான் காம்பெர்ட்டின் கவிதை ஒன்று ஒற்றைத் தாளாக ரகசியமாக அச்சாகி விற்றது. ஒளிந்திருந்த யூதக் குழந்தைகளைக் காக்க அந்தக் காசு போனது. இப்படித் திருட்டுத்தனமாக அச்சான தாள்களையும் புத்தகங்களையும் ஹேக் நகரிலுள்ள தேசிய நூலகம் தனித் தொகுப்பாக வைத்திருக்கிறது. நம்மூர் பிட் நோட்டீஸ் அளவுக்கு இருப்பவற்றுக்கும் அங்கே பட்டியல் எண் உண்டு.

டச்சுக்காரர்களுக்கும் தமிழ் அச்சுக்கும் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. கொழும்பில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த காப்ரியேல் ஷாடே என்பவர்தான் சிங்கள எழுத்துகளை வார்த்தார். 1737இல் சிங்களத்தில் அச்சு ஓடியது. அதே கொழும்பில் 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. துப்பாக்கி பார்க்கிற ஆள் எழுத்து வார்த்தார் என்றால் ஓசூர் ஆலைகளின் டூல் ரூம்காரர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். எஃகில் வெட்டிச் செம்பில் குத்தி ஈயம் ஊற்றுவது அவர்களுக்கு டை வேலையின் பக்கத்து வீடு.

டச்சுக்காரர்களைப் போல அச்சுத் தாள்களைச் சேர்ப்பவர்கள் நம்மிடமும் இல்லாமலில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரின் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு கல்யாண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத் தேதி அங்கே கிடைக்கும். ஓசூர்ப் பக்கத்து மூன்று மொழிப் பத்திரிகைகளை இங்கே யார் சேர்த்தார்கள்?

பரணில் பழைய அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். வாங்க மாட்டோம் என்றால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.