உங்களுக்குத் தெரியுமா? புகையாத கரியும் நஞ்சுதான்

கேஸ் வருவதற்கு முன், மயிலாப்பூர் வீடுகளில் காபிக்குத் தண்ணீர் கொதித்தது குமுட்டி அடுப்பில். நடுவே கம்பித் தட்டு, அதன்மேல் கரி, கீழே சாம்பல் விழ இடம், பக்கவாட்டில் விசிறுவதற்கு ஒரு வாய். விறகைவிடச் சுத்தம் என்று அதற்குப் பெயர். புகையாகக் கிளம்பக்கூடிய பொருட்களில் பெரும்பகுதி, விறகு கரியாகும்போதே போய்விடுவதுதான் காரணம்.

அந்தப் புகை எங்கே போனது? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் கரி மூட்டம் போடுகிறார்கள். நாம் தப்பித்த புகை அங்கே நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது.

கரித் தணலில் புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. குளிருக்காகவோ கொசுவுக்காகவோ தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

‘லெகோ’ நினைவிருக்கிறதா? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அப்படியே எரித்தால் புகை மண்டும். அதை உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடேற்றிப் புகையை முன்கூட்டியே பிரித்தெடுத்து, ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்காக விற்றார்கள். அடுப்பை மாற்றாமல் எரிபொருளை மாற்றிப் பார்த்த தமிழ்நாட்டு முயற்சி இது.

அடுப்பையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. புகையில்லா அடுப்பின் ஆரம்ப நூல்களில் ஒன்று சென்னையில்தான் வெளியானது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி.ராஜு எழுதிய ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்’ நூலை 1953-ல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. மண் அடுப்பு, அதற்கொரு புகைபோக்கி, அவ்வளவுதான் செலவு.

1980-களில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கட்டப்பட்டன. பல சீக்கிரமே விரிசல் விட்டன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. கட்டிக் கொடுத்தவர் துடைத்துக் கொடுக்க வரவில்லை.

2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு தரத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது 2016-ல்.

விறகிலிருந்து கேஸுக்கு மாறினால் உண்மையில் எவ்வளவு புகை குறையும்? போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், ஒரு பன்னாட்டு ஆய்வில் பங்கேற்று அளந்து பார்த்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகள். அவர்களில் 800 பேர் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்தவர். பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசம். மற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸ் பெற்றவர்களுக்கு 24. 2022-ல் முடிவு வெளியானபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியதற்காகவே அந்தக் குழுவை மதிக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு வரம்பு வெறும் 5 மைக்ரோகிராம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சமையலறையை விட்டுப் போன கரி, தி.நகர், அடையாறு தெருமுனைகளில் இன்னும் கனல்கிறது: இஸ்திரி வண்டியில். பெட்டியின் மூடியைத் திறந்து தணலை விசிறும்போது இஸ்திரி போடுபவரின் முகம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் கவனித்தார். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

கேஸில் சூடாகும் இஸ்திரிப் பெட்டியும் இப்போது கிடைக்கிறது. 5 கிலோ சிறு சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். தெருவில் தொழில் செய்பவருக்கு இது பெரிய வசதி. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மாறிவிட்டார். “கரி மூட்டுற நேரத்துல நாலு சட்டை முடிச்சிடுவேன்மா” என்கிறார். பழைய கரிப்பெட்டி வண்டிக்கு அடியில் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்த அன்று அதை வெளியே எடுக்கிறார்.