வாட் பார்த்து லைற் வாங்காதீங்கோ!

இந்தக் கிழமை எபிசோடில எல்ஈடி பல்புகளைப் பற்றிக் கதைச்சோம். அதில சொல்ல நேரம் கிடைக்காத கதை இது. பிழை விட்டது நான்தான்.

ஸ்காபரோவில எங்கட பேஸ்மென்டில அப்பாவின்ர பழைய மீன் தொட்டி இருக்கு. 10 கேலன், அதாவது 38 லீற்றர். மூடிக்குள்ள 25 வாட் குண்டு பல்ப் இரண்டு. இரண்டும் எரிஞ்சு போச்சு. 25 + 25 = 50 என்று கணக்குப் போட்டு, 50 வாட் எல்ஈடி லைற் ஒன்றை வாங்கி மேல மாட்டினன்.

இரண்டு கிழமையில தண்ணி பச்சை. ஒருநாள் விடிய அம்மா கூப்பிட்டா: "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது, ஓடி வா!"

எங்கே பிழை? வாட் என்பது வெளிச்சத்தின் அளவு இல்லை. பல்ப் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதன் அளவு. வெளிச்சத்தை அளப்பது லூமன். குண்டு பல்பில் பெரும்பகுதி மின்சாரம் வெப்பமாகவே போய்விடும். 25 வாட்டுக்குக் கிடைப்பது சுமார் 250 லூமன். எல்ஈடி ஒரு வாட்டுக்கே சுமார் 100 லூமன் தரும்.

பழைய இரண்டு பல்ப்: 500 லூமன்.
என்ர புது லைற்: 5,000 லூமன். பத்து மடங்கு!

செடிகளுக்குத் தேவைப்படாத அந்த வெளிச்சத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. பகலில் ஒக்சிஜன் விடும் பாசி, இரவில் அதை எடுக்கும். அதுதான் விடியக் காலையில் மீன்களுக்கு மூச்சு முட்டியது.

அப்போ எவ்வளவு வேணும்? ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற லேசான செடிகளுக்கு லீற்றருக்கு 10 முதல் 20 லூமன் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுவான கணக்கு. 38 லீற்றருக்கு 400 முதல் 800 வரை போதும். தொட்டி ஆழமென்றால் அடிக்குப் போகும் வெளிச்சம் குறையும், அதையும் யோசியுங்கோ.

ஒரு சின்ன சிக்கல்: லூமன் மனுசக் கண்ணை வைத்து அளப்பது. நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். செடிகள் சிவப்பையும் நீலத்தையும்தான் கூடுதலாக உறிஞ்சும். அதனால் நிறையச் செடி வளர்ப்பவர்கள் பார் என்ற அளவைப் பார்ப்பார்கள். சின்னத் தொட்டிக்கு 6,500 கெல்வின் வெள்ளை லைற்றும் லூமன் கணக்கும் போதும்.

பெட்டியில் "25 வாட்டுக்குச் சமம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீங்கோ. அது பழைய பல்போடு ஒப்பீடு மட்டும்தான். லூமன் எவ்வளவு என்று தேடிப் பாருங்கோ.

அன்றைக்கே பாதித் தண்ணி மாற்றி, காற்றுப் பம்ப் போட்டன். இப்ப 3 வாட் எல்ஈடி பல்ப் இரண்டு, டைமரில நாளுக்கு 7 மணித்தியாலம். தண்ணி தெளிஞ்சிட்டுது, மீன்களும் சுகம். 50 வாட் எரிஞ்ச இடத்தில 6 வாட்; ஹைட்ரோ பில் பார்க்கிற அப்பாவுக்கும் சந்தோசம்.

உங்கட தொட்டிக் கணக்கு குழப்பமென்றால் இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்!